பாதி பின்னிக் கொடுங்க

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்க்கிறேன். காலண்டரும் டைரியும்தான் அதிகம். ஆடி மாதம் தொடங்கினால் மார்கழி வரை சீசன். தினமும் காலையில் விருதுநகரில் பஸ் ஏறி, பட்டாசு கம்பெனி வேன்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய், நாள் முழுக்க ராகு காலத்தையும் பிறைகளையும் சரிபார்த்துவிட்டுத் திரும்புவேன். தை பிறந்தால் வேலை அடங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாள் கூப்பிட்டாலே அதிகம். அப்படி வேலை அடங்கிய ஒரு மாசி மாதத்தில்தான் குரோஷா பின்னக் கற்றுக்கொண்டேன்.

ஏன் கற்றுக்கொண்டாய் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையில், தோசை கல்லில் ஒட்டாமல் வர என்ன செய்வது என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. இரண்டு கைகள், ஒரு கொக்கி ஊசி, நீல நிற உல்லன் நூல். முகம் இல்லை. அந்தப் பெண் பேசியது எந்த நாட்டு மொழி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுப்பில் தோசை கருகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பஜாருக்குப் போய் ஒரு கொக்கி ஊசியும் நான்கு உருண்டை நூலும் வாங்கி வந்தேன்.

வீடியோவில் பின்னியவர் இடது கைக்காரர் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அவர் செய்வதைப் பார்த்து நான் வலது கையால் செய்யப் போய், நூலை ஊசியில் சுற்றும் விதமே மாறிவிட்டது. எல்லோரும் நூலை ஊசிக்கு மேலாகச் சுற்றி இழுப்பார்கள். நான் கீழாக எடுத்து இழுப்பேன். அதனால் என் கண்ணிகள் லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கும். நான் ஒரு இலை பின்னினால் அதன் நுனி ஒரு பக்கமாகத் தலை சாய்த்திருக்கும். தப்பு என்று தெரிந்தபோது கை பழகிவிட்டது. பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தன் கைப்பிழையைத் திருத்த முடியவில்லை.

முதலில் பின்னியது எங்கள் சர்ச்சில் பீடத்து மேசைக்கு ஒரு சின்ன விரிப்பு. அடுத்தது மகளின் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு உறை. பிறகு பஸ்ஸில் கூட வருகிற பெண்கள் கேட்டார்கள். தலையில் குத்திக்கொள்ளும் பூ, செல்போன் பை, சாப்பாட்டுக் கூடைக்கு மூடி. அதன் பிறகுதான் மாவிலைத் தோரணம் வந்தது. பச்சை நூலில் மாவிலைகள், நடுவே மஞ்சள் சாமந்தி. எங்கள் வீட்டு வாசலில் தோரணம் கட்டுவதில்லை. ஒரு பைபிள் வசனப் பலகைதான் தொங்குகிறது. ஆனால் ஊர் வாசல்களுக்கெல்லாம் தோரணம் பின்னிக் கொடுத்தேன். ஒன்பதாவது படிக்கும் மகள் என் போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். ஓரத்தில் பூப்போட்டு, 'கையால் பின்னியது' என்று எழுதி, போன் நம்பரோடு சின்ன அட்டைகள் வரைந்து கொடுத்தாள். ஆர்டர் வந்தது.

அங்கேதான் என் குழப்பமும் தொடங்கியது என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் பின்னியது பிடிக்காவிட்டால் சர்ரென்று உருவி விடுவேன். அப்படி உருவுவதில் ஒரு சுகம் இருந்தது. நூல் மறுபடி நூலாகிவிடும். ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆர்டர் என்று ஆனபின் உருவும்போதெல்லாம் நாள் கணக்குத்தான் மனசில் ஓடியது. வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும், அந்த அம்மா சிவப்புக் கேட்டார், இது அரக்கு. சித்திரை வெயிலில் விரலெல்லாம் வியர்த்து உல்லன் ஒட்டும். கைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பின்னுவேன். கணவர் சாத்தூரில் ஒரு பள்ளியில் வாத்தியார். ஒரு நாள் அவர் கேட்டார்.

"பிடிச்சுத்தான பின்னுற?"

"ஆமா."

"அப்ப ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

நான் கைக்கு இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அந்தப் போன் வந்தது. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பேசினார். பெயர் சொன்னார், ஆனால் நான் போனில் 'சாத்தூர் அக்கா' என்றுதான் பதிந்து வைத்தேன். அவரும் என்னை அக்கா என்றார். யார் மூத்தவர் என்று இருவருக்குமே தெரியாது.

"அக்கா, ஸ்டேட்டஸ்ல ஒரு தோரணம் போட்டிருக்கீகளே, அது நீங்களே பின்னுனதா?"

"ஆமாக்கா."

"மெஷின்ல இல்லையே?"

"கையிலதான் பின்னுறேன்."

"அதான் வேணும். பாத்தா கையில பின்னுனது மாதிரி தெரியணும். ரொம்பவும் கடைச் சாமான் மாதிரி இருந்துறக் கூடாது."

இப்படி ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் கடையில் வாங்கியது போல இருக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அவர் இன்னும் சில கட்டளைகள் சொன்னார். பார்சலில் என் அட்டையை வைக்கக் கூடாது. பேர் எழுதிய கவர் கூடாது. ஒரு சாதாரணத் துணிப் பையில் போட்டு, சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கொடுத்துவிட்டால் போதும். கணவர் தினமும் அந்த வழியாகப் போகிறவர்தான். கொடுத்துவிட்டு வந்தார்.

தோரணத்துக்குப் பிறகு ஒரு கைப்பை கேட்டார். பிறகு பெங்களூரில் இருக்கும் நாத்தனார் குழந்தைக்கு ஸ்வெட்டர். எல்லாம் அதே துணிப் பையில், அதே கடையில். நல்ல வாடிக்கையாளர். குறை சொன்னதே இல்லை. நான்காவது முறை கூப்பிட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

"ஒரு டேபிள் விரிப்பு வேணும்க்கா. ஆனா முழுசா வேண்டாம்."

"சின்னதாப் போடவா?"

"இல்லக்கா. பாதி பின்னிக் குடுங்க. ஊசி அதுலயே மாட்டியிருக்கட்டும். நூல் உருண்டையையும் அறுக்காம அப்படியே சேத்துக் குடுத்து விடுங்க."

"மிச்சம்?"

"மிச்சத்தை அடுத்த வாரம் கொஞ்சம், அதுக்கடுத்த வாரம் கொஞ்சம்னு பின்னிக்கிடலாம்."

"யாருக்கா பின்னுவா?"

"நீங்கதான்."

போனை வைத்துவிட்டு நூல் கூடையை எடுத்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் ஆர்டர் கொடுப்பவரிடம் எதற்கு என்று கேட்கலாமா கூடாதா என்பது எனக்கு எப்போதுமே தெளிவில்லை. பாதி பின்னிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அது அப்படியே, ஊசி மாட்டியபடி, ஃபேன்சி ஸ்டோர் வழியாகத் திரும்பி வந்தது. ஒரு கண்ணிகூடக் கூடவில்லை. நான்கு விரற்கடை பின்னிச் சேர்த்து அனுப்பினேன். மறுவாரமும் வந்தது. மூன்றாம் வாரம் ஒரு செய்தி வந்தது: 'அக்கா, இந்த வாரம் கொஞ்சமாப் பின்னினாப் போதும். எனக்குக் காய்ச்சல்.'

அதை நான் நாலைந்து தடவை படித்தேன். அவருக்குக் காய்ச்சல் என்றால் நான் ஏன் குறைவாகப் பின்ன வேண்டும்? மகள் இது சினிமா ஷூட்டிங்காக இருக்கும் என்றாள். கணவர், "நான் என்னத்தக் கடத்திக்கிட்டுத் திரியுறேன்னு எனக்கே தெரியல" என்றார். நான் அந்த வாரம் ஒரு விரற்கடை மட்டும் பின்னினேன்.

விடை சூலக்கரையில் கிடைத்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் மகளிர் குழுக்களின் கைவினைக் கண்காட்சி நடந்தது. நாமும் ஒரு மேசை போடலாமா என்று பார்த்து வருவதற்காக ஒரு சனிக்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பனையோலைப் பெட்டி, வடகம், சணல் பை, மெழுகுவர்த்தி என்று ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மேசைக்கு மேலே பச்சைத் தோரணம் தொங்கியது. மாவிலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருந்தன.

முதலில் எனக்கு ஒரு அசட்டுச் சந்தோஷம்தான் வந்தது. தெரிந்தவர்களைக் கூட்டத்தில் பார்த்தது போல. அப்புறம்தான் மற்றவற்றைப் பார்த்தேன். கைப்பை. அந்த டேபிள் விரிப்பு, முக்கால்வாசி பின்னியபடி, ஊசியோடு. மேசைக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா, நல்ல உயரம், சுங்குடிச் சேலை, காதில் பழைய கம்மல். அவர் ஊர் மகளிர் குழுவின் தலைவி அவர்தான் என்று பேச்சில் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் எங்க மருமக கைவேலை" என்று அந்த அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "கடையில வாங்குனதுன்னு நெனச்சிறாதீக. ரூமுக்குள்ள உக்காந்து ஒண்ணொண்ணாப் பின்னுனது."

நான் தோரணத்தைத் தொட்டுப் பார்த்தேன். "ரொம்ப நல்லாருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னது. ஆனால் அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, குரலைத்தான் தெரியும். அவர் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன். உதடு 'அக்கா' என்று அசைந்தது, சத்தம் வரவில்லை.

அந்த நேரத்தில் கண்காட்சியைப் பார்வையிட வந்த பெண் அதிகாரி ஒருவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார். கூடவே ஏழெட்டுப் பேர், ஒருவர் கையில் கேமரா. அதிகாரி பின்னல்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "இது நீங்க செஞ்சதா? எங்க, ஒரு பூ பின்னிக் காட்டுங்களேன்" என்றார்.

மாமியார் பெருமையோடு விரிப்பை எடுத்து மருமகள் மடியில் வைத்தார். அவர் ஊசியைக் கையில் எடுத்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பது போலப் பிடித்தார். கை நடுங்கியது. ஊசி கண்ணியிலிருந்து நழுவிவிட்டது. இன்னும் ஒரு இழு இழுத்திருந்தால் ஒரு வரிசை பூராவும் பிரிந்து போயிருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் பொருள்கள். என் கை. என் தப்புக் கண்ணிகள்கூட என்னுடையவை. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது, வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் என் வாய் சொன்னது இதுதான்:

"மேடம், அவங்களுக்குக் காய்ச்சல் வந்து எந்திரிச்ச உடம்பு, கை நடுங்குது. நான் பின்னிக் காட்டுறேன். இவங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்த டீச்சர்."

ஊசியை வாங்கி, நழுவிய கண்ணியைப் பிடித்து, ஒரு சாமந்தி பின்னினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மத்தவங்களுக்கும் சொல்லித் தர்றீங்களே, அதுதான் பெரிய விஷயம்" என்றார். கேமராக்காரர் டீச்சரையும் மாணவியையும் சேர்த்துப் படம் எடுத்தார். என் மகள் வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"எம்மா, எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"தெரியலடி."

"அதெல்லாம் நீ பின்னுனதும்மா."

"தெரியும்டி."

"பெறகு எதுக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாத்தூர் அக்கா கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு, "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரலாமாக்கா?" என்றார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கார் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. அவர் இறங்கி நடந்து வந்தார். கையில் ஒரு கூடை கத்திரிக்காயும் பச்சை நிலக்கடலையும். மாமியார் கொடுத்து விட்டாராம்.

"பாடம் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்க்கா. உங்களுக்கு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார். டிகிரி முடித்தவர். வேலைக்கு அனுப்பவில்லை. வீட்டில் நிலபுலம் உண்டு, சமையலுக்கு ஆள் உண்டு. பெரிய மருமகள் டீச்சர், நாத்தனார் கம்பெனியில் வேலை. இவருக்குப் பகலில் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் யாராவது ஒருவர் எதற்காவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நாள் மாமியார், "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதாம்மா பண்ணுற?" என்று கேட்டிருக்கிறார். அப்போது செல்போனில் யாரோ என் ஸ்டேட்டஸிலிருந்து அனுப்பிய தோரணப் படம் திறந்திருந்தது. "பின்னுறேன் அத்தை" என்று வாயில் வந்துவிட்டது.

"அன்னையில இருந்து ஒருத்தரும் கூப்பிடுறதில்லக்கா. அவ பின்னுறா, தொந்தரவு பண்ணாதீகன்னு எங்க அத்தையே எல்லாரையும் வெரட்டுதாக. ஆனா பின்னுனதக் காட்டணும்ல. அதான் உங்ககிட்ட வாங்குனேன்."

"சரி, உள்ள உக்காந்து நெசமா என்னதான் பண்ணுவீக? படம் பாப்பீகளா?"

அவர் கத்திரிக்காய்க் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா. சும்மா இருப்பேன். ஃபேனைப் பாத்துக்கிட்டு சும்மா இருப்பேன்."

என் பொருளைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டதற்கு வராத கோபம், அப்போது லேசாக வந்தது. நான் கையில் பவுடரைத் தட்டிக்கொண்டு இங்கே ஓடி ஓடிப் பின்ன, ஒருவர் அங்கே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அது கோபமா, பொறாமையா என்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் கூட முதலில் பின்னத் தொடங்கியது கிட்டத்தட்ட அதற்காகத்தானே என்று தோன்றியது. வேலையும் இல்லை, வேலை இல்லாமலும் இல்லை என்ற அந்த இடம். அதை எப்போது தொலைத்தேன்?

"சொல்லித் தாரேன், கத்துக்கிடுங்க" என்றேன். "இன்னொரு தடவ யாராச்சும் கேட்டா என்ன செய்வீக?"

அப்படித்தான் செவ்வாய்க்கிழமைகள் தொடங்கின. எனக்குப் பாடம் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு என்னிடம் பாடம் கேட்க அவர் வந்தார். முதல் மூன்று வாரம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. சங்கிலிப் பின்னல் பத்துக் கண்ணி போடுவார். பிறகு எங்கள் வீட்டுப் பாயில் சாய்ந்து தூங்கிவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்டரைப் பின்னிக்கொண்டிருப்பேன். நான்கு மணிக்குக் காபி போட்டு எழுப்புவேன். கூச்சத்தோடு எழுந்து, "நல்லா சொல்லிக் குடுத்தீக டீச்சர்" என்று அவர் சிரிப்பார்.

நான்காவது வாரம் மாமியாரும் கூட வந்தார். மாணவி எப்படிக் கற்றுக்கொள்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பின்னல்களைக் கேட்டார். அன்று காலைதான் முடித்த ஒரு தோரணத்தைக் கொடுத்தேன். அவர் தன் பையிலிருந்து வேறொரு தோரணத்தை எடுத்தார். அவர் வீட்டு வாசலில் தொங்கியது. கண்காட்சியில் பார்த்த அதே தோரணம். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் நான் பின்னியவை. மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. கொறை சொல்ல முடியாது. ஆனா எங்க மருமக கையில ஒரு நறுவிசு இருக்கு பாத்துக்க. அது ஒனக்கு இன்னும் வரல. வந்துரும், வெசனப்படாத."

நான் தலையாட்டினேன். சிரிப்பு வர வேண்டிய இடம். ஆனால் எனக்கு வலித்தது. பழகிய கையைப் பற்றி யாரோ நேருக்கு நேர் குறை சொன்ன வலிதான் அது; அந்தக் கையோடு போட்டி போட்டு ஜெயித்ததும் என் கைதான் என்பது அந்த வலியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. அவர்கள் போன பிறகு இரண்டையும் நினைவில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னது சரி. பழைய தோரணத்தில் கண்ணிகள் ஒரே சீராக மூச்சு விட்டன. புதியது இறுகிப் போயிருந்தது. அதைப் பின்னிய வாரத்தில் ஐந்து ஆர்டர் இருந்தது. பழையதைப் பின்னியபோது எத்தனை இருந்தது என்று ஞாபகம் இல்லை. என் பேர் போடாத பொருளை நான் நன்றாகச் செய்கிறேனா? அல்லது அவசரம் மட்டும்தான் காரணமா? கணவரிடம் கேட்டேன். அவர், "ரெண்டும் பச்சையாத்தான இருந்துச்சு" என்றார்.

அதன் பிறகு இரண்டு வாரம் சாத்தூர் அக்கா தூங்கவில்லை. மாமியார் புகழ்ந்தது அவரை என்னவோ செய்துவிட்டது போலிருந்தது. என்னைக் குறை சொன்னது என்னைப் பாதித்ததைவிட அது அவரை அதிகம் பாதித்திருந்தது. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினார். நான் நூலை மேலாகச் சுற்றச் சொல்லிக் கொடுத்தேன், சரியான முறையில். என் தப்பை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் ஒரு சின்ன விரிப்பு முடித்தார், தண்ணீர்ச் செம்பு வைக்கிற அளவுக்கு. வட்டமாக வந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சுருங்கி, ஒரு பக்கம் அப்பளம் மாதிரி மேடு தட்டியிருந்தது. அதைக் கையில் ஏந்தியபடி அவர் காருக்குப் போனதைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் போன் வந்தது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை.

"அத்தைகிட்டக் காட்டுனேன்க்கா. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது நீ பின்னுனது இல்லையே, அந்த விருதுநகர்ப் பிள்ளை பின்னுனதா?'ன்னு கேட்டாக."

"அய்யோ. நீங்க என்ன சொன்னீக?"

"ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். முடியலக்கா. ஒரு மாசம் உக்காந்து பின்னுனது. 'இதுதான் அத்தை நான் பின்னுனது. மத்ததெல்லாம் அவுக பின்னுனது'ன்னு சொல்லிட்டேன்."

நான் போனை இறுகப் பிடித்துக்கொண்டேன். "சத்தம் போட்டாகளா?"

"இல்ல. எந்திரிச்சுப் போயி கோழிக்குத் தீனி போட்டாக. திரும்பி வந்து, 'அப்ப அம்புட்டு நாளும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்ணுன?'ன்னு கேட்டாக. சும்மாதான் இருந்தேன் அத்தைன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'அதுக்கு எதுக்கு நூலு?'ன்னு கேட்டாக."



"கோவத்துலயா கேட்டாக?" என்றேன்.

"அதான்க்கா தெரியல. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். கோவமா, கேலியா, சும்மா இருக்கணும்னா சொல்லிட்டுச் சும்மா இருந்திருக்கலாமேன்னு சொல்லுதாகளா, ஒண்ணும் புரியல. நீங்க என்ன நெனைக்கீக?"

நானும் யோசித்தேன். எனக்கும் புரியவில்லை. இன்றும் அந்தக் கேள்வியை வேறு வேறு குரலில் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு அர்த்தம் வருகிறது.

அந்த வீட்டில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. குழுவில் அந்த அம்மா என்ன சொன்னார் என்று தெரியாது. அடுத்த கண்காட்சிக்கு என்னிடமே நேராகப் போன் செய்து, மேசைக்கு வா என்றார். பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. "கண்ணி கொஞ்சம் எளக்கமா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். சாத்தூர் அக்கா மத்தியானத்தில் இப்போதும் கதவைச் சாத்திக்கொள்கிறாராம். யாரும் கேட்பதில்லையாம். சில நாள் பின்னுவார், சில நாள் ஃபேனைப் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறார்; அச்சக சீசனில் அன்றைக்கு மட்டும் நான் விடுப்பு வாங்கிவிடுகிறேன். யாருக்கு யார் டீச்சர் என்ற வேடிக்கை முடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்பதும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

அவர் கண்ணிகள் இப்போது நேராக நிற்கின்றன. என்னுடையவற்றைவிட ஒழுங்கு. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று கேட்டால் அந்தந்தச் செவ்வாய்க்கிழமையைப் பொறுத்துச் சொல்வேன்.

நான் ஒரு பங்குனி மாதம் முழுக்க ஆர்டர் எடுக்காமல் இருந்து பார்த்தேன். பிடித்ததை மட்டும் பின்னலாம் என்று. பிடித்தது என்னவென்று யோசிப்பதிலேயே பாதி மாதம் போயிற்று. பிறகு ஒரு பெண் பேத்திக்குத் தொப்பி கேட்டார். மனசு கேட்காமல் சரி என்றேன். அத்தோடு பழையபடி ஆகிவிட்டது. முந்தாநாள் வீட்டில் யாரும் இல்லை. கணவர் பள்ளியில், மகள் டியூஷனில். கதவைச் சாத்திவிட்டு, நூலும் ஊசியும் இருக்கும் கூடையை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பாயில் படுத்து ஃபேனைப் பார்த்தேன். சும்மா இருப்பதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. ஃபேன் சுற்றியது. தெருவில் ஒருவர் உப்பு விற்றுக்கொண்டு போனார். அடுத்த வீட்டில் குக்கர் நாலு விசில் அடித்தது. நன்றாக இருப்பது போலவும் இருந்தது, எதையோ மறந்துவிட்டுப் படுத்திருப்பது போலவும் இருந்தது. எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது. எழுந்து மணி பார்த்தபோது நான் நினைத்ததைவிட அதிக நேரம் ஆகியிருந்தது.